சாப்பாட்டு ராமனோடு மலையேற்றம்



எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறான். சாதி நாயா என்று கேட்காதீர்கள். நாட்டு நாய்தான். செவலை நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மறுகாது மடிந்து தொங்கும். காவலுக்குப் பேர்போனவன் இல்லை. வேட்டைக்கும் லாயக்கில்லை, முயல் குறுக்கே ஓடினால், போனால் போகட்டும் என்று நின்று பார்ப்பான். அவன் கற்று வைத்திருக்கிற வித்தை ஒன்றே ஒன்றுதான், சாப்பாடு. அடுக்களையில் டப்பா மூடி திறக்கிற சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது முறுக்கா, கடலை மிட்டாயா, வெறும் துவரம்பருப்பா என்று கண்டுபிடித்துவிடுவான். பருப்பு டப்பா என்றால் தலையைக்கூடத் தூக்கமாட்டான். இப்படிப்பட்ட ஒரு சாப்பாட்டு ராமனைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றுகளில் நடப்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

புதுக்கோட்டையில் ஏது மலை என்று வெளியூர் உறவினர்கள் கேலி செய்வார்கள். கொடைக்கானல், ஏற்காடு என்று கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். நமக்கு வாய்த்தவை மொட்டைப் பாறைகள். ஆனால் அந்தப் பாறைகளில் ஏறாத நூற்றாண்டு இல்லை. சித்தன்னவாசலில் சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. திருமயத்தில் 1687-ஆம் ஆண்டு சேதுபதி கட்டிய கோட்டை. விராலிமலையில் மயில்களும், சுருட்டைப் படையலாக ஏற்றுக்கொள்ளும் முருகனும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற சாலையில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் போனால் நார்த்தாமலை. அங்கே மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, உவச்சன்மலை என்று வரிசையாக ஒன்பது குன்றுகள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் பறந்தபோது உதிர்ந்த துண்டுகள்தான் இவை என்று ஊரில் சொல்வார்கள். மூலிகை இருக்கிறதோ இல்லையோ, காலை ஆறு மணிக்கு அங்கே வீசுகிற காற்றுக்கே பாதி நோய் போய்விடும்.

மலையேற எந்த நாய் தோது என்று சிலர் கேட்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாம் நம் மண்ணின் பெருமைதான். ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்றே வந்த இனங்கள். கண்ணில் ஓர் அசைவு பட்டால் போதும், பிறகு உங்கள் சீழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நார்த்தாமலைக் காட்டில் மயில் நிறைய. மயிலைத் துரத்துவதோ கடிப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விளையாட்டுக் காரியமில்லை. நாய்க்குச் சட்டம் தெரியாது. பிடித்து நிற்கிற நமக்குத் தெரிய வேண்டும். ஆகவே எந்த நாயானாலும் மலையில் கயிறு கட்டாயம். அதிலும் சாப்பாட்டுப் பிரியனுக்கு ஒரு தனிச் சௌகரியம். என் தோள்பையில் அவித்த முட்டை இருக்கிறது என்று மணிக்குத் தெரியும். முட்டை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அவன் போவான். கயிறு வெறும் சம்பிரதாயத்துக்குத்தான்.

பையில் என்ன கொண்டுபோகலாம்? ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டும்போதே நாய்க்கும் தனியாக ஒன்று கட்டிவிடுங்கள். உப்புப் போடாத அவித்த முட்டை, ஆறிய இட்லி, உப்பு சேர்க்காத வறுகடலை ஒரு கைப்பிடி. இட்லிக்குச் சாம்பார் வேண்டாம். சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரில் நமக்கு எவ்வளவு ருசியோ அவ்வளவு கெடுதல் நாய்க்கு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். திராட்சை அதைவிட மோசம், சிறுநீரகத்தையே பழுதாக்கும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். கோயில் பிரசாதம்தானே, சாமிக்குப் படைத்ததுதானே என்று சர்க்கரைப் பொங்கலை ஒரு கவளம் உருட்டி நாய்க்குப் போடுவோம். அதில் நெய்யில் வறுத்த உலர்ந்த திராட்சை பத்து இருக்கும். கேசரியிலும் இருக்கும், பாயசத்திலும் இருக்கும். சாக்லேட்டும் கூடாது. கோடையில் மாங்கொட்டை, மக்காச்சோளக் கதிர்க்கட்டை இரண்டும் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். வேகவைத்த கோழி எலும்பு பல்லில் பட்டதும் ஈட்டி போலச் சிம்பு சிம்பாக உடையும்.

இன்னொரு விஷயம். கிளம்புவதற்கு முன் வயிறு முட்ட வைத்துவிட்டு, நடந்து செரித்துவிடும் என்று நினைக்கக்கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்கள், அதாவது நம்முடைய ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரியானவை, நிறையத் தின்றவுடன் ஓடினால் இரைப்பை காற்றேறி முறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. முறுக்கினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கால் வயிற்றோடு கிளம்பி, வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வீடு திரும்பி இளைப்பாறிய பிறகு சாப்பாடு வைப்பதுதான் முறை. மணியிடம் இந்த முறையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடியற்காலையில் அவனுக்கு ஒரு இட்லிதான் வைப்போம். அப்போது அவன் எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பரம்பரைச் சொத்தைப் பறிகொடுத்தவன் பார்வை.

சரி, மலைக்கு வருவோம். மேலமலைக்கு நாங்கள் போவது பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில். நானும் என் மச்சானும் மணியும். விடிவதற்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். பாறை விரிந்து மெல்ல ஏறும். படிக்கட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஏறுகிற வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. இந்தச் சுனையின் அடியில் ஒரு குடைவரை இருக்கிறது. உள்ளே சிவலிங்கம், எப்போதும் தண்ணீருக்குள். 1857-இல் புதுக்கோட்டை அரசி ஒருவர் நீரை இறைக்கச் செய்து வழிபட்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. தண்ணீரைப் பார்த்ததும் மணி இழுப்பான். சாமி இருக்கிற சுனையில் நாயை இறக்குவது ஊராருக்கு மனக்கஷ்டம், தவிர தேங்கிய நீர் அவன் வயிற்றுக்கும் ஆகாது. ஆகவே இரண்டு லிட்டர் தண்ணீரும் ஓர் அலுமினியக் கிண்ணமும் என் மச்சான் தோளில். அவர் அதைப் பற்றி அவ்வப்போது ஏதாவது சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மேலே ஏறியதும் விஜயாலய சோழீச்சுரம். இந்தக் கோயிலைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். ஒன்பதாம் நூற்றாண்டு வேலை. முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி கட்டினார். மழையில் இடிந்ததை மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவாரக் கோயில்கள். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலீச்சுரம், மற்றொன்று சமணர் குடகு. பேர்தான் சமணர் குடகு, உள்ளே நிற்பது பன்னிரண்டு திருமால் திருமேனிகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், கோயில் வேறு. நாயை உள்ளே கொண்டுபோகக் கூடாது. நாங்கள் முறை வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே பாறை நிழலில் மணியோடு. வெளியே இருப்பவருக்குத்தான் வேலை அதிகம். முட்டை உரிக்கிற வரைக்கும் அவனைச் சமாளிக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, எச்சில் ஒரு நூலாகத் தாடையிலிருந்து இறங்கப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஓடு உரிகிற ஒவ்வொரு சில்லுக்கும் வால் ஒரு தடவை பாறையைத் தட்டும். மஞ்சள் கரு அவனுக்கு, வெள்ளைக்கரு பாதி அவனுக்கு, மீதி பாதிக்கு எங்களுக்குள் தகராறு.

ஒன்பது மணிக்கு இறங்கிவிட வேண்டும். இது பிடிவாதமாகக் கடைப்பிடிக்க வேண்டிய விதி. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டைப் பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரும் ரகம். உங்கள் புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு எண்ணும் வரை தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. செருப்புப் போட்ட காலுக்கு இது தெரியாது. நாக்கு அகன்று, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் செவேலென்று ஆனால் அங்கேயே நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் கால்களிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். இறங்கியதும் பாதத்தையும் காதையும் சோதித்துப் பாருங்கள். நெருஞ்சி முள் கண்ணுக்குத் தெரியும். ஊசிப்புல் விதை தெரியாது, விரலிடுக்கில் நுழைந்து உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உண்ணியைச் சொல்லவே வேண்டாம்.

நாயோடு மலையேறுவது இந்தக் காலத்து நாகரிகம் என்று சொல்பவர்கள் உண்டு. பாண்டவர்கள் கடைசிப் பயணமாக இமயத்தில் ஏறும்போது கூடவே போனது ஒரு நாய்தானே? திரௌபதியும் தம்பிமார் நால்வரும் வழியிலேயே விழுந்துவிட, கடைசிவரை தருமரோடு போனது அது மட்டும். அதை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொன்னபோது, அப்படியானால் சொர்க்கமே வேண்டாம் என்றார் தருமர். அந்த நாய் வழியில் என்ன சாப்பிட்டது என்று வியாசர் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

ஐரோப்பாவில் ட்சிங்கெல் என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. கிறிஸ்டியான் ஆல்மர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி வளர்த்தது. 1868-இல் கூலிட்ஜ் என்ற இளைஞர் ஐகர் சிகரத்தில் ஏற முடியாமல் மனம் ஒடிந்து திரும்பினார். அவரைத் தேற்ற ஆல்மர் இந்த நாயைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அது அவரோடு ஆல்ப்ஸ் மலையில் 66 பெரிய ஏற்றங்கள் ஏறியது. 1875 ஜூலையில் மோன் பிளாங்க் சிகரத்தையும் எட்டியது. அதற்குப் பிடித்த பானம் சிவப்பு ஒயினும் நீர்த்த தேநீரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடிவாரத்துக் கடையில் நாங்கள் டீ குடிக்கும்போது கண்ணாடி டம்ளரை வெறித்துப் பார்ப்பதோடு சரி.

நம் பக்கத்துக் கதை வேறு விதம். உஜ்ஜயினி அரசைத் துறந்து பட்டினத்தாரின் சீடராகி, திருவிடைமருதூர் கோயில் வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தார் பத்திரகிரியார். கையில் ஒரு திருவோடு, காலடியில் மிச்சத்தைத் தின்ன ஒரு நாய். மறு வாசலில் இருந்த பட்டினத்தாரிடம் இறைவன் பிச்சைக்காரனாக வந்து கேட்க, என்னிடம் என்ன இருக்கிறது, அந்த வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்று அனுப்பினாராம். சட்டியும் நாயும் இருந்தாலே குடும்பஸ்தன்! மனம் நொந்த பத்திரகிரியார் திருவோட்டை வீசியெறிய, அது நாயின் தலையில் பட்டு நாய் செத்தது. பிறகு அந்த நாய் காசி அரசன் மகளாகப் பிறந்து முக்தி பெற்றது என்று கதை போகும். எல்லாம் நல்லபடி முடிந்தாலும், நான் இதில் நாய் கட்சி. அது கேட்டது மிச்சச் சோறு மட்டும்.

சோறு போட்டவனுக்கு நாய் காட்டிய நன்றியைக் கல்லில் வெட்டி வைத்தவர்களும் தமிழர்கள்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களை அது கடித்ததும், எஜமானனைக் காத்து நின்றதும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த வட்டாரத்தில் அப்போது வாழ்ந்த எத்தனை மனிதர்களின் பெயர் தெரியும்?

2019-இல் ஒரு செய்தி வந்தது. திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்துபோன ஐயப்ப பக்தர்கள் பதின்மூன்று பேரோடு ஒரு தெருநாய் சேர்ந்துகொண்டது. அவர்கள் கர்நாடகத்தில் சிக்மகளூர்ப் பக்கம் வந்தபோது அது 480 கிலோமீட்டர் நடந்திருந்தது. தங்களுக்குச் சமைப்பதில் அதற்கும் ஒரு பங்கு வைத்தோம் என்றார்கள் பக்தர்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பங்குச் சோற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்திலேயே நாய்க்கென்று ஒரு தெய்வம் இருக்கிறது. திருமயம் கோட்டையை ஒட்டிச் சாலையோரத்தில் கோட்டை பைரவர். காரைக்குடிப் பக்கம் போகிற வண்டிகள் நின்று, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். பைரவரின் வாகனம் நாய். அவருக்கு வடைமாலை சாத்துவது பல கோயில்களில் வழக்கம். அந்த வடை விநியோகமாகும் நேரத்தில் சாலையோரத்து நாய்கள் எங்கிருந்தோ சரியாக வந்து சேரும். தேய்பிறை அஷ்டமியன்று சொல்லவே வேண்டாம். நான் மணியை அங்கே கூட்டிப்போவதில்லை. வடையில் வெங்காயம் இருக்குமோ என்ற பயம் பாதி. ஒரு தடவை ருசி கண்டால் அஷ்டமி தவறாமல் அவனே கிளம்பிவிடுவான் என்ற பயம் மீதி.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான சங்கதி. சாப்பாட்டுப் பிரியன் மலையில் நடக்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவன் மூக்கு காட்டிக்கொடுக்கும். பாறை இடுக்கில் சொருகிய பிரியாணிப் பொட்டலம், குருமா ஒட்டிய பிளாஸ்டிக் பை, புதரில் எறிந்த கோழி எலும்பு, அலுமினியத் தாள், கடித்துப் போட்ட சோளக்கட்டை. மேலமலையில் ஒரு பாறை வளைவில் மணி திடீரென்று நின்று மோப்பம் பிடித்தான். போய்ப் பார்த்தால் யாரோ ஒரு கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்து போயிருக்கிறது. பரோட்டா கட்டிய தாள், சால்னா ஊற்றிய பை முடிச்சு அவிழாமல். பையோடு விழுங்கப் பார்த்தான். வாயைப் பிளந்து பிடுங்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நாய்க்காச்சும் நீங்க கூட இருக்கீங்க தம்பி. ஆட்டுக்கு யாரு இருக்கா?” என்றார்.

“ஏன்யா, ஆடும் திங்குமா?”

“உப்பு ருசிக்குப் பையோட மென்னுரும். போன வருசம் ஒண்ணு வயிறு ஊதிக் கெடந்துச்சு. அறுத்துப் பாத்தா உள்ள பூராவும் பை.”

அவரிடம் இரண்டு நாய்கள் இருந்தன. காலையில் கஞ்சி, பொழுதடைந்தால் கஞ்சி. நடுவில் எதுவும் கிடையாது என்றார். மணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவரு மதியமும் சாப்புடுவாரு போல” என்றார். மணியின் இடுப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மணி அதற்குள் அவருடைய தூக்குச்சட்டியை மோந்துகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பையில் ஒரு காலி அரிசிப் பையும் போகிறது. மணி எதன் முன்னால் நிற்கிறானோ அதை எடுத்து அதில் போட்டுக்கொண்டு இறங்குவோம். அவனுக்கு அதற்குக் கூலி உண்டு: ஒரு பொட்டலம் விட்டுக்கொடுத்தால் வறுகடலை நாலு. இந்த வியாபாரத்தை அவன் சீக்கிரம் புரிந்துகொண்டான். இப்போதெல்லாம் குப்பையைக் கண்டால் வாய் வைக்காமல் எங்களைத் திரும்பிப் பார்க்கிறான். மனிதர்களுக்கு இப்படிக் கடலை கொடுத்துப் பழக்க முடியுமா என்று மச்சான் கேட்கிறார்.

சித்தன்னவாசலோ நார்த்தாமலையோ, அடிவாரத்துத் தெருநாய்கள் உங்களைக் கண்டதும் கூடவே வரும். இனிப்பு பிஸ்கட் பாக்கெட்டை உடைத்துப் போட்டுக்கொண்டே மலைமேல் அழைத்துப் போகாதீர்கள். மேலே அவற்றுக்குத் தண்ணீரும் இல்லை, நிழலும் குறைவு. குரங்குகளோடும் மயில்களோடும் சண்டை வேறு. போட விரும்பினால் அடிவாரத்திலேயே கொஞ்சம் சோறும் தண்ணீரும் வையுங்கள். உங்கள் வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை தவறக்கூடாது. செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இலவசமாகவே போடுகிறார்கள், விசாரித்து வையுங்கள். மலைக்குக் கொண்டுபோகிற பொட்டலம் எத்தனையோ, அத்தனையும் கீழே திரும்பி வரட்டும். பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போனதையும் கையோடு எடுத்துவந்தால் அந்த ஆட்டுக்காரப் பெரியவருக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.